ஏகவீரன் அரண்மனையில் ஒளிந்திருந்த ஆறு

முன்னொரு காலத்தில் நீராழி நாட்டை ஏகவீரன் என்ற அரசன் ஆண்டு வந்தான். அவன் ஆண்டதாகப் புலவர்கள் பாடினார்கள். உண்மையில் அந்த நாட்டை ஆண்டது ஒரே ஓர் ஆறு. மாவு அரைப்பது, எண்ணெய் ஆட்டுவது, கொல்லன் துருத்தி ஊதுவது எல்லாம் அந்த ஆற்றின் நீர்ச்சக்கரங்கள்தான். அணையிலிருந்து வரும் வாய்க்கால் இரண்டாகப் பிரியும். முதல் மதகு அரண்மனைக்கு. மிஞ்சியது கடைவீதிக்கு. அரண்மனைக்குப் போன தண்ணீர் அரசனின் ஊஞ்சலை ஆட்டியது, கூரை விசிறியை வீசியது, வாசலில் நின்ற மர யானையைத் தலையாட்ட வைத்தது. பிறகு பின்பக்கச் சாக்கடையில் போய் விழுந்தது. அரண்மனைச் சக்கரம் நின்றால் அரசுக்கு ஆகாது என்பது நாட்டு வழக்கம். அந்த வழக்கத்தை யார் ஏற்படுத்தினார் என்று கேட்காதீர்கள். ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தவர்தான்.

ஓர் ஆண்டு மலையில் மழை இல்லை. ஆடி பிறந்தும் புதுவெள்ளம் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. கடைவீதியில் செக்கும் திரிகையும் நின்றன. சனங்கள் சோளத்தை அரைக்க வழியின்றி முழுசாக அவித்துத் தின்றார்கள். யானை தலையாட்டிக்கொண்டே இருந்தது.

அணை அதிகாரி திரிவிக்கிரமருக்கு மந்திரி குற்றாலத்தின் மேல் தீராத பொறாமை. இதுதான் சமயம் என்று சபையில் எழுந்தார்.

"மன்னா, அணையை இன்னும் உயர்த்துவோம். வேலங்காடு என்ற குக்கிராமம் மூழ்கும், அவ்வளவுதான்."

அணையில் பதிக்கத் தம் பெயர் பொறித்த கல்லைக்கூட அவர் முன்பே செதுக்கி வைத்துவிட்டார்.

"அவ்வளவுதானா சாமி?" என்று வாசலிலிருந்து ஒரு குரல். வேலங்காட்டுச் சடைச்சி. "மழையே இல்லாம அணைய ஒசத்தி என்னத்த நிரப்பப் போறீங்க? எங்க கண்ணீரையா?"

"இவளை யார் உள்ளே விட்டது?" என்று சீறினார் திரிவிக்கிரமர்.

"யாரும் விடல. காவக்காரன் சோளம் அவிக்கப் போயிட்டான்."

அரசனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் குற்றாலம் எழுந்தார்.

"மன்னா, வேலங்காட்டை விட்டுவிடுங்கள். உங்களுக்கு இரண்டாவது ஆறு ஒன்றைத் தருகிறேன். அது இந்த அரண்மனையிலேயே ஒளிந்திருக்கிறது."

"அரண்மனைக்குள் ஆறா! காட்டாவிட்டால்?"

"என் முத்திரை மோதிரத்தைத் திரிவிக்கிரமரிடம் கொடுத்துவிட்டு நானும் வேலங்காட்டோடு மூழ்குகிறேன்."

திரிவிக்கிரமருக்கு வாயெல்லாம் பல். "நானே தேடிப் பார்க்கிறேன் மன்னா! ஆனால் மந்திரி தந்திரக்காரர். வாய்க்கால் தண்ணீரைக் காட்டி இதுதான் என் ஆறு என்பார். முதலில் அரண்மனை மதகை அடைக்க வேண்டும்."

"ஐயையோ, வழக்கம் என்ன ஆவது?" என்று குற்றாலம் இழுத்தார்.

"பார்த்தீர்களா, பயப்படுகிறார்!"

அரசன் தலையசைத்ததுதான் தாமதம், திரிவிக்கிரமர் ஓடிப்போய்த் தம் கையாலேயே மதகுப் பலகையை இறக்கினார். ஊஞ்சல் நின்றது. விசிறி நின்றது. யானை பாதித் தலையாட்டலில் நின்றது. அவர் உக்கிராணத்தில் தேடினார். கட்டிலுக்கு அடியில் தேடினார். ஊறுகாய்ச் சாடியைக்கூடத் திறந்து பார்த்தார்.

"எங்கே ஆறு? ஒரு சொட்டு கூட இல்லை!"

அப்போது கடைவீதிப் பக்கம் கடகடவென்று சத்தம் எழுந்தது. கூடவே சனங்களின் கூச்சல்.

"என்ன அது, கலகமா?" அரசனுக்கு எப்போதும் அந்தப் பயம்தான்.

"இல்லை மன்னா, திரிகைகள். நீங்கள் சாக்கடைக்கு விட்டுக்கொண்டிருந்த ஆறு இப்போது கடைவீதியில் ஓடுகிறது. திரிவிக்கிரமர்தான் தம் கையால் திறந்துவிட்டார்" என்றார் குற்றாலம்.

திரிவிக்கிரமர் சாடி மூடியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"அதெல்லாம் சரி, எனக்கு வேர்க்கிறதே!" என்றான் அரசன்.

விசிறி வந்த நாளில் பலகை அடித்து மூடிய மேற்குச் சன்னல்களைக் குற்றாலம் திறக்கச் சொன்னார். ஆடிக் காற்று பாய்ந்து வந்தது. திரிவிக்கிரமரின் தலைப்பாகை எதிர்ச் சன்னல் வழியே பறந்து, வாசல் யானையின் தலையில் போய் உட்கார்ந்தது.

சடைச்சி சொன்னாள்: "ராசா, இது மேக்கருந்து வர்ற பிசுக்காத்து. எங்க ஊர்க் கணவாய்ல நின்னா ஆளையே தூக்கும். காத்து வர்ற வாசலையா தண்ணிக்குள்ள முக்கப் பாத்தீங்க?"

"ஆற்றில் தண்ணீர் இருக்கும்போது ஆறு அரைக்கட்டும். அது வற்றினால் காற்று அரைக்கட்டும்" என்றார் குற்றாலம். "ஒன்றையே நம்பியிருந்தோம் மன்னா. அது வற்றியதும் நாமும் வற்றினோம்."

அரசன் நின்றுபோன ஊஞ்சலை வெகுநேரம் பார்த்தான். அரசர்களுக்கு வெட்கம் வருவது அபூர்வம். அன்று வந்தது. "இனி முதல் மதகு கடைவீதிக்கு. மிஞ்சினால் யானை ஆடட்டும். வேலங்காடு மூழ்காது. அங்கே படகுபோலப் பாய் கட்டிய காற்றுத் திரிகை எழட்டும். அதற்குச் சடைச்சி பொறுப்பு" என்றான். குற்றாலத்துக்குத் தன் கழுத்து மாலையைப் போட்டான். மறுநாளே குளியல் அண்டாவை மொட்டைமாடி வெயிலில் வைக்கச் சொல்லி, அது தன்னுடைய கண்டுபிடிப்பு என்று பறையறைவித்தான். சொல்லிக்கொள்ளட்டும். விறகு மிச்சமாகிறதல்லவா?

அணைக்கென்று அவர் முன்பே வெட்டி வைத்திருந்த கற்களை வேலங்காட்டுக்குச் சுமந்து சேர்க்கும் வேலை திரிவிக்கிரமருக்குக் கிடைத்தது. பெயர் பொறித்த கல்லை என்ன செய்வது என்று அவர் தயங்கியபோது, சடைச்சி அதையும் வாங்கித் திரிகை வாசலில் போட்டாள். அவர் பெயர் அழியாமல் அங்கேயே இருக்கிறது. மாவுக்குக் காத்திருப்பவர்கள் அதன்மேல்தான் உட்காருகிறார்கள்.