மழையில் பிடிக்கிற டயர்

"எந்த டயர் வாங்கட்டுங்க?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

குரு கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

குருவுக்கு வயது முப்பத்தொன்று. பெயர் ஜோஸ்லின். முன்பு ராலி பந்தயங்களில் கார் ஓட்டிய பெண். இப்போது கோயம்புத்தூருக்கு வெளியே உள்ள ரேஸ் டிராக்கில், வேகமான காரை வாங்கிவிட்டு அதை எப்படி ஓட்டுவது என்று தெரியாமல் வருகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார்.

சீடருக்கு ஐம்பத்தாறு. பம்ப் செட் பட்டறையை மகனிடம் ஒப்படைத்த கையோடு, வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் ஆசைக்கென்று ஒரு பொருள் வாங்கினார். சிவப்பு கார். இரண்டே கதவு. தரையோடு தரையாகப் போகும்.

"இருக்கிற டயருக்கு என்னங்ண்ணா?" என்றார் குரு.

"வழுக்குதுங்க."

"எங்க?"

"வால்பாறை எறக்கத்துல. நல்ல மழை. ஒரு வளைவுல பின்பக்கம் அப்படியே ஓரத்துக்குப் போயிருச்சு. திருப்பி நேராக்கிட்டனுங்க, நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே."

"அப்புறம்?"

"ஆழியார் வந்ததும் வீட்டுல எறங்கிட்டாங்க."

வீட்டில் என்றால் அவர் மனைவி தெய்வானை.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுஞ் சொல்லலீங்க. பையை எடுத்துக்கிட்டு பஸ் ஏறிட்டாங்க. அன்னைக்கிருந்து கார் பக்கமே வர்றதில்ல." நாச்சிமுத்து குரலைத் தாழ்த்தினார். "அந்த பஸ்ஸுக்கு ரீட்ரெட் டயருங்க. தேஞ்ச டயர் மேல புது ரப்பர் ஒட்டுனது. குனிஞ்சு பாத்தேன். அதுல ஏறிப் போறாங்க. என்ர கார்ல ஏறமாட்டேங்கறாங்க."

குரு ஒரு கடலையை வாயில் போட்டார்.

"அடுத்த மாசம் தாராபுரத்துல கொழுந்தியா பொண்ணுக்குக் கல்யாணமுங்க. நான் கார்லயும் அவங்க பஸ்ஸுலயும் போய் எறங்குனா சனம் என்ன பேசும்?"

"சனம் பேசறதுதான் கவலையா?"

நாச்சிமுத்து காரைத் திரும்பிப் பார்த்தார்.

"தனியா ஓட்டறதுக்கா அம்மிணி இந்தக் காரை வாங்குனேன்?"

குரு கையிலிருந்த தோலைத் தட்டிவிட்டார்.

"மழைக்குத்தானுங்ண்ணா? மெத்துன்னு இருக்கிற ரப்பரா வாங்குங்க. சீக்கிரம் தேயும், ஆனா ரோட்டை விடாது. தண்ணி வெளிய ஓட, டயர் மேல வெட்டியிருக்கிற பட்டன் ஆழமா இருக்கோணும். டயர் ஓரத்துல நாலு எண் இருக்கும், எந்த வாரம், எந்த வருசம் செஞ்சதுன்னு. பாத்து வாங்குங்க. பழசு வேண்டாம்."

நாச்சிமுத்து வணங்கிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் முழுக்க டயர் கடைக்காரர்கள் அவரைக் கண்டால் ஷட்டரை இறக்கலாமா என்று யோசித்தார்கள். டார்ச் அடித்து எண் பார்த்தார். நகத்தால் அழுத்திப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"தலைவரே, இது டயருங்க. பலாப்பழமில்ல" என்றார் ஒரு கடைக்காரர்.

கடைசியில் ஒரு செட் கிடைத்தது. போன மாதம் செய்தது. புது ரப்பரின் மயிர் மயிரான முனைகள்கூட உதிரவில்லை.

வீட்டு வாசலில் தெய்வானையே நான்கு டயருக்கும் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார். சூடம் காட்டினார். எலுமிச்சம்பழமும் அவரே வைத்தார். கார் ஏறி நசுக்கியது.

"நல்லாருக்குங்க" என்றார்.

பிறகு கையைக் கழுவிவிட்டு, அக்கா வீட்டுக்குப் போக பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

"டயர் சரியில்லீங்க" என்றார் நாச்சிமுத்து, மறுநாள் டிராக்கில்.

குரு காரைச் சுற்றி வந்தார். உட்கார்ந்து, டயரைக் கையால் தடவிப் பார்த்தார்.

"அருமையான டயருங்ண்ணா."

"அப்புறம் ஏன் ஏறமாட்டேங்கறாங்க?"

"காத்து சரியாப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. உடனே போய்ப் பார்த்தார். இரண்டு டயரில் கூடுதலாக இருந்தது. சரிசெய்தார். வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

தெய்வானை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"காத்து சரி பண்ணிட்டேன்" என்றார் நாச்சிமுத்து.

"சந்தோசமுங்க" என்றார் தெய்வானை.

மறுபடி குருவிடம் வந்தார்.

"அலைன்மென்ட்?" என்றார் குரு.

அதையும் செய்தார். ஸ்டியரிங்கை விட்டுவிட்டாலும் கார் கோடு போட்டதுபோல் நேராகப் போனது. அதை வீட்டில் சொன்னார்.

"ஸ்டியரிங்கை விட்டுட்டா ஓட்டிப் பாத்தீங்க?" என்று கேட்டார் தெய்வானை.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருந்தது. நாச்சிமுத்து டிராக்குக்கு வந்து, வணங்காமலே நின்றார்.

"டயர் மாத்தியாச்சு. காத்துப் பாத்தாச்சு. அலைன்மென்ட் பாத்தாச்சு. நீங்க சொன்னதெல்லாம் செஞ்சாச்சு. ஒண்ணும் நடக்கல."

"நீங்க டயரைத்தானுங்ண்ணா கேட்டீங்க."

"வேற எதைக் கேக்கறது?"

குரு கை நீட்டினார். "சாவி குடுங்க. அந்தப் பக்கம் உக்காருங்க."

நாச்சிமுத்து காரைச் சுற்றிப் போய் இடப்பக்கக் கதவைத் திறந்தார். அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்ததே இல்லை. சீட் தாழ்வாக இருந்தது. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

தண்ணீர் லாரி அப்போதுதான் டிராக்கை நனைத்துவிட்டுப் போயிருந்தது.

குரு கிளப்பினார். ஒரு கை ஸ்டியரிங்கில் இருந்தது. இன்னொரு கை பேசுவதற்கு.

"அந்தா பாருங்க, மயிலு" என்றார், நூறில் போய்க்கொண்டே.

"அம்மிணி, ரோட்டைப் பாருங்க."

"ரோடு எங்க போகுது?"

வளைவு வந்தது. குரு இவர் பக்கம் திரும்பி, பம்ப் செட் வியாபாரம் எப்படி என்று விசாரித்தார்.

"வளைவு வளைவு வளைவு" என்றார் நாச்சிமுத்து.

"புடிக்குமுங்ண்ணா. பயப்படாதீங்க."

பிடித்தது. ஒரு விரற்கடைகூட வழுக்கவில்லை. அடுத்த வளைவிலும் பிடித்தது. குரு ஒற்றைக் கையால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, முன்னே போன தண்ணீர் லாரியின் பின்புறத்தை முட்டுகிற மாதிரி நெருங்கி, கடைசி நொடியில் பிரேக் போட்டார். கார் அசையாமல் நின்றது.

நாச்சிமுத்துவுக்கு வேர்த்துவிட்டது.

"இப்படியாங்க ஓட்டறது? உள்ள ஒரு மனுசன் உக்காந்திருக்கான்னு இல்லாம?"

"ஆறு மாசமா உங்களைப் பாக்கறேனுங்ண்ணா. அச்சு அசலா ஓட்டுனேனா, இல்ல எங்காச்சும் விட்டுப் போச்சா?"

நாச்சிமுத்து வலது காலை எடுக்கப் பார்த்தார். தொடை விறைத்திருந்தது. இல்லாத பிரேக்கை அந்தக் கால் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தது.

காலை மெல்ல எடுத்தார்.

கீழே தடிமனான ரப்பர் மேட். அவருடைய குதிகால் இருந்த இடத்தில் ஒரு பள்ளம். பள்ளத்தின் நடுவே ரப்பர் தேய்ந்து, அடியில் இருந்த தகடு தெரிந்தது.

"இப்ப ஒரு சுத்துல இவ்வளவு தேயுமுங்களா?" என்று கேட்டார்.

"தேயாதுங்ண்ணா."

இதற்கு முன் அந்த சீட்டில் உட்கார்ந்த ஆள் ஒரே ஆள்தான், தெய்வானை.

அவர் குனிந்து, அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தார்.

"இப்ப நான் என்னங்க பண்ணட்டும்?"

"அவங்க போற பஸ்ஸை யாரு ஓட்டறாங்க?"

"தெரியலீங்க. டயரைத்தான் பாத்தேன்."

குரு சாவியை அவர் மடியில் போட்டுவிட்டு, கடலை உரிக்கப் போய்விட்டார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் தெய்வானை தாராபுரம் பஸ் ஏறினார். கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது.

பஸ் சூலூரைத் தாண்டியபோது அவர் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தார். சிவப்பு கார் வந்துகொண்டிருந்தது.

பல்லடம் தாண்டியும் வந்துகொண்டிருந்தது. பஸ் நாற்பதில் போனால் நாற்பதில். ஸ்டாப்பில் நின்றால் அதுவும் நின்றது. ஒரு மொபெட்காரர் முட்டைக்கோஸ் மூட்டையோடு அதை முந்திக்கொண்டு போனார்.

மழை பிடித்தது. வளைவு வருவதற்கு முன்பே பஸ் மெதுவானது. காருக்குள் நாச்சிமுத்துவும் பிரேக்கில் கால் வைத்தார்.

குண்டடத்தில் பஸ் நின்றதும் கண்டக்டர் இறங்கி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு காரிடம் வந்தார்.

"ஏனுங்க, எங்க வண்டில யாராச்சும் உங்க சாமானைத் திருடிட்டு ஏறிட்டாங்களா?"

"இல்லீங்க. என்ர வீட்டுக்காரம்மா உள்ள இருக்காங்க."

"சண்டையா?"

"இல்லீங்க. டயரு."

கண்டக்டர் டயரைப் பார்த்தார். "புதுசாட்டத்தானே இருக்குது?"

"ஆமாங்க. நல்ல டயரு."

அதற்குள் தெய்வானை பையோடு இறங்கி வந்துவிட்டார்.

"எதுக்குங்க இப்படி ஊரு சிரிக்கப் பின்னாடியே வர்றீங்க? உங்க வண்டிதான் பறக்குமே."

"உங்க டிரைவர் நல்லா ஓட்டறாரு" என்றார் நாச்சிமுத்து. "முந்தறதுக்கு மனசு வரல."

தெய்வானை பஸ்ஸைப் பார்த்தார். காரைப் பார்த்தார். மழை வலுத்தது.

"நீங்க போங்க" என்றார் கண்டக்டரிடம்.

இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறினார். பையை மடியில் இறுக்கிக்கொண்டார். பாதங்கள் இரண்டையும் அந்த ரப்பர் மேட்டின் மேல் ஊன்றிக்கொண்டார்.

பஸ் கிளம்பியது. கார் அதன் பின்னால் கிளம்பியது.

வைப்பர் மட்டும் ஓடியது.

சில மைல் போன பிறகு, கீழே செருப்பு கழன்று விழுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது நாச்சிமுத்துவுக்கு. எதிரே வளைவு. பார்க்கவில்லை.

வளைவு முடிந்து, ரோடு நேரான பிறகுதான் பார்த்தார்.

தெய்வானை இரண்டு காலையும் தூக்கி சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.