வாசலில் நின்ற பார்சல்

பல்கலைக்கழகத்தின் பொதுக் கணினி மையத்தில் இயக்குநர் திருவேங்கடம் வைத்ததுதான் சட்டம். ஆராய்ச்சி மாணவி பேச்சியம்மாளோ மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். அதற்கான அறிவியல் மென்பொருள் உடனே ஓடும்படி தயாராகவே கிடைத்தது. பொதுக் கணினியில் இறக்கி வைக்க இயக்குநரின் அனுமதி ஒன்றுதான் பாக்கி.

"வெளியில எவனோ செஞ்சு கட்டிக் கொடுத்தது என் மையத்துக்குள்ள வரக் கூடாது. அதோட சோர்ஸ் கோட், அதான் மூல நிரலை, வாங்கி இங்கேயே முதல்லேருந்து உருவாக்கு" என்றார் அவர்.

"அதுக்கு மூணு மாசம் ஆகும் சார்."

"ஆகட்டும். நாளைக்கு மேலிடத்துக் குழு பார்வையிட வருது. மதியச் சாப்பாடு உன் பொறுப்பு."

மறுநாள் குழுவினர் பசியோடு உட்கார்ந்தார்கள். பேச்சியம்மாள் இலை போட்டு, பச்சரிசியும் துவரம்பருப்பும் முழுக் கத்தரிக்காயும் பரிமாறினாள்.

"என்னம்மா இது?" என்று அலறினார் இயக்குநர்.

"சாம்பார் சாதம் சார். இங்கேயே முதல்லேருந்து உருவாக்கணும். ஹோட்டல் பார்சல் வாசல்ல ஆட்டோவில இருக்கு. ஆனா வெளியில செஞ்சு கட்டினதாச்சே, உள்ள விடலாமான்னு தெரியலை."

குழுத் தலைவி விவரம் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "திருவேங்கடம், எனக்குப் பசி உயிர் போகுது. ரெண்டையும் உள்ள விடுங்க."

இயக்குநர் தன் இலையிலிருந்த கத்தரிக்காயைப் பார்த்தார். "சரி, வரட்டும்" என்றார்.

குழுவினர் மோருக்கு வருவதற்குள் பேச்சியம்மாளின் முதல் கணக்கு கணினியில் ஓடத் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் அவளுக்கும் பசித்தது.