வாசலில் காத்திருந்த மீன்

கடல் முடிகிற இடத்தில் தொடங்கும் ஒரு காட்டில், செங்குத்தான பாறையின் உச்சியில், வேலம்மாள் என்றொரு முள்ளம்பன்றி வாழ்ந்து வந்தது.

அதற்கு நல்ல மனசு. யார் வந்தாலும், "உள்ளே வாருங்கள், வெளியே நிற்கலாமா?" என்று அழைக்கும். ஆனால் வந்தவர் எவரும் நெருங்கி உட்காருவதில்லை. முள் குத்திவிடுமே! முயல் ஒரு முழம் தள்ளி உட்காரும். மான் நின்றபடியே பேசிவிட்டுப் போய்விடும்.

வேலம்மாளை நெருங்கி வந்தது ஒரே ஓர் உயிர்தான். அது ஒரு மீன்.

பாறை உச்சியில் ஒரு பெரிய குழி இருந்தது. புயல் நாட்களில் கடல் அதுவரை எம்பி, குழியை உப்புநீரால் நிரப்பிவிட்டு இறங்கும். அப்படி ஒரு புயலில் வந்து சேர்ந்தது அந்தக் கோமாளி மீன். செம்மஞ்சள் உடம்பு, குறுக்கே வெள்ளைப் பட்டைகள். வேலம்மாள் அதற்குச் செம்பன் என்று பெயர் வைத்தது. தினமும் காலையில் வேலம்மாள் தன் மூக்கை நீரில் வைக்கும். செம்பன் நீந்தி வந்து அந்த மூக்கை ஒரு முட்டு முட்டும்.

அவ்வளவுதான். அந்த ஒரு முட்டுக்காகவே வேலம்மாள் கண் விழிக்கும்.

ஒரு நாள் செம்பன் முட்ட வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பாறை ஓரத்தில் தெரிந்த தன் நிழலையே சுற்றிச் சுற்றி வந்தது.

"தனிமை!" என்றது வேலம்மாள். "எனக்கா தெரியாது அது? என் செம்பனுக்கு ஒரு துணை வாங்கித் தரப்போகிறேன்."

ஆனால் கடற்கரைக்கு இறங்க முள்ளம்பன்றியால் முடியாது. பாறை அவ்வளவு செங்குத்து. அதற்கென்ன? உச்சியிலிருந்து கரை வரை மரத்துக்கு ஒரு மைனா இருந்தது. இங்கே ஒரு சொல் சொன்னால், மைனாக்கள் மரம் மரமாகக் கூவிக் கரையில் சேர்த்துவிடும். பதிலும் அப்படியே ஏறி வரும். விலையாகத் தன் உதிர்ந்த முட்களைக் கொடுக்கலாம். கூடு கட்டவும் வளையைக் காக்கவும் கரையில் அவற்றுக்கு நல்ல கிராக்கி. பொருளைக் கூழைக்கடா தன் தொண்டைப்பையில் கொண்டுவரும்.

"துணைக்கு ஒரு கோமாளி மீன் வேண்டும்!" என்று வேலம்மாள் சொல்லி அனுப்பியது.

கரையில் மீன் விற்பவர்களிடமிருந்து இரண்டு பதில்கள் வந்தன.

முதல் பதில் நீர்க்காகத்திடமிருந்து. கூடவே ஓர் இலையும் வந்தது. அதில் பூச்சாறு கொண்டு ஒரு மீன் வரையப்பட்டிருந்தது. தீக்கொழுந்து போன்ற நிறம்!

"பார்த்தீர்களா அக்கா, எப்படி மின்னுகிறது!" என்று நீர்க்காகத்தின் சொல்லை அப்படியே ஒப்பித்தது மைனா. "இப்போது சரி என்றால் வெயில் சாய்வதற்குள் உங்கள் குழியில் நீந்தும்!"

இரண்டாவது பதில் நண்டிடமிருந்து. அதில் படம் இல்லை. கேள்விகள்தான் இருந்தன.

"உன் குழி எவ்வளவு ஆழம்? அதில் வேறு யார் இருக்கிறார்கள்? உன் மீன் எவ்வளவு பெரியது? அதைவிடச் சிறியதாகத்தான் தருவேன். பெரியது வந்தால் அடித்துக்கொள்ளும். என்னிடம் ஒரு மீன் நேற்றுதான் வந்தது. அது தீனி எடுப்பதைப் பத்து நாள் பார்க்காமல் யாருக்கும் கொடுக்கமாட்டேன். அங்கே வந்ததும் ஒரு மாதம் அதைத் தனிக் குழியில் வைக்க வேண்டும். சம்மதமா?"

நண்டின் எரிச்சலையும் சேர்த்தே ஒப்பித்தது மைனா.

வேலம்மாளின் முட்கள் சிலிர்த்தன. "இதென்ன, நான் மீன் வாங்குகிறேனா, திருடிவிட்டு மாட்டிக்கொண்டேனா? வீடு தேடி வரும் விருந்தாளியை ஒரு மாதம் வாசலில் நிறுத்துவதாம்! எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை என்று சொல். நீர்க்காகத்திடமே வாங்கிக்கொள்கிறேன்."

வெயில் சாய்வதற்குள் கூழைக்கடா வந்து இறங்கியது. பேச முடியாமல் தொண்டைப்பையைக் காட்டி, "ம்ம்! ம்ம்!" என்றது.

"ஐயோ பாவம், கொட்டு கொட்டு! நேராகப் பெரிய குழியிலேயே கொட்டு!"

கூழைக்கடா கொட்டிவிட்டுப் பெருமூச்சு விட்டது. "வழியெல்லாம் விழுங்காமல் வந்தேன் அம்மா. என் கஷ்டம் எனக்குத்தான் தெரியும்."

படத்தில் இருந்தது போலவே மின்னியது புது மீன். வேலம்மாள் பூரித்துப்போனது. ஆனால் அது தீனியைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூச்சு மட்டும் வேகமாக வாங்கியது.

"களைப்பாக இருக்கும்" என்றது வேலம்மாள்.

மூன்றாம் நாள் காலையில் அது மிதந்தது.

வேலம்மாள் அழுதபடியே அதை வெளியே எடுத்தது. திரும்பிப் பார்த்தால், செம்பனின் உடம்பெல்லாம் உப்பைத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள்! செம்பன் பாறையில் உடம்பைத் தேய்த்தது. அதற்கும் மூச்சு வாங்கியது.

வேலம்மாள் பதறிப்போய் நீர்க்காகத்துக்குச் சொல்லி அனுப்பியது. பதில் உடனே வந்தது.

"வந்து இறங்கும்போது உயிர் இருந்ததா?"

"இருந்தது."

"அதற்குப் பிறகு உன் பாடு. அடுத்த மீன் வேண்டுமானால் கேள், படம் அனுப்புகிறேன்!"

அப்போது அங்கே வந்திருந்த கூழைக்கடா அதைக் கேட்டுத் தலை குனிந்தது. "நான் சொல்லியிருக்க வேண்டும் அம்மா. நீர்க்காகம் மீன் பிடிக்கும் விதத்தை நான் பார்த்திருக்கிறேன். காக்காய்க்கொல்லி விதையை நசுக்கி நீரில் போடும். மீன்கள் மயங்கி மிதக்கும். அள்ளிக்கொள்ளும். வெளியே நிறம் அப்படியே இருக்கும், உள்ளே வெந்துபோயிருக்கும். பிடித்ததை எல்லாம் ஒரே அழுக்குக் குட்டையில் போட்டு வைக்கும். ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும்."

வேலம்மாள் செம்பனைத் திரும்பிப் பார்த்தது. செம்பன் பிழைக்க வேண்டும். கேட்க ஒருவர்தான் இருந்தார். ஆனால் எந்த முகத்தோடு கேட்பது?

கடைசியில் மைனாவிடம் மெல்லச் சொன்னது. "நண்டிடம் சொல். நான் உன்னிடம் வாங்கவில்லை. உன்னைப் பேசவும் பேசினேன். என் செம்பன் சாகக் கிடக்கிறது. வழி தெரிந்தால் சொல்லு அம்மா."

மைனாக்கள் மரம் மரமாகக் கூவின. வேலம்மாள் காத்திருந்தது. ஒரு மேகம் கடலைக் கடப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"பேசியதெல்லாம் இருக்கட்டும்! பக்கத்தில் சின்னக் குழி இருக்கிறதா? அதில் சுத்தமான கடல்நீர் நிரப்பி, செம்பனை அதற்கு மாற்று. தினமும் ஓர் இலைத்தொன்னை மழைநீரைக் கலந்து, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறை. ஒரேயடியாகக் குறைத்துத் தொலைக்காதே! பெரிய குழியில் மூன்று பௌர்ணமி தாண்டும் வரை மீனே இருக்கக் கூடாது. ஒட்டிக்கொள்ள உடம்பு கிடைக்காமல் அந்த நோய் தானே மாண்டுபோகும். நாளை காலை மூச்சு எப்படி இருக்கிறது என்று சொல்லி அனுப்பு."

"கடல்நீருக்கு எங்கே போவேன்?" என்று வேலம்மாள் திகைத்தது.

"நான் எதற்கு இருக்கிறேன்?" என்றது கூழைக்கடா. "அந்த மீனைச் சுமந்து வந்தவன் நான்தானே!"

அன்று அது கடலுக்கும் பாறைக்கும் பதினாறு முறை பறந்தது. ஒரு முள்கூட விலையாக வாங்கவில்லை.

தினமும் காலையில் நண்டின் கேள்விகள் ஏறி வந்தன. மூச்சு எப்படி? புள்ளி உதிர்ந்ததா? தீனி எடுத்ததா? முன்பு முட்களைச் சிலிர்க்க வைத்த அதே குரல்தான். இப்போது அது வரும் திசையில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது வேலம்மாள்.

பத்தாம் நாள் செம்பன் ஒரு புழுவைத் தின்றது. வேலம்மாள் துள்ளிய துள்ளலில் ஏழு முட்கள் உதிர்ந்தன.

மூன்று பௌர்ணமிகள் கடந்தன. செம்பன் பெரிய குழிக்குத் திரும்பியது. அப்போது வேலம்மாள் சொல்லி அனுப்பியது. "குழி இரண்டு முழம் ஆழம். என் மீன் ஒரு மாவிலையில் பாதி நீளம். வேறு யாரும் இல்லை. இன்னும் என்ன கேட்க வேண்டுமோ கேள் அம்மா. எத்தனை நாளானாலும் காத்திருக்கிறேன்."

பன்னிரண்டு நாள் கழித்துக் கரை மைனா கூவியது. "நண்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டியது! என் கண்ணெதிரே மூன்று புழு தின்றது மீன்!"

கூழைக்கடா அதைக் கொண்டுவந்தது. சிறிய மீன். நிறமும் சற்று மங்கல்தான். ஆனால் கண் தெளிவாக இருந்தது. சின்னக் குழியில் விட்டதும் தீனி எங்கே என்று தேடியது.

வேலம்மாள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. "விருந்தாளியை வாசலில் நிறுத்துகிறேனே என்றுதான் மனசு உறுத்துகிறது."

மைனா வழியே நண்டு சொன்னது. "நிறுத்திவிட்டு நீ உள்ளே போய்த் தூங்கினால்தானே தப்பு? நீயும் வாசலில் உட்காரேன்!"

வேலம்மாள் அப்படியே செய்தது. ஒரு மாதம் சின்னக் குழியின் ஓரத்திலேயே இருந்தது. வெயிலில் இலை போட்டு நிழல் தந்தது. கதை பேசியது. புது மீன் கேட்டதோ இல்லையோ, ஒரு நாளும் தள்ளிப் போகவில்லை.

மாதம் முடிந்தது. புது மீன் பெரிய குழிக்குள் போனது. மறுநாள் காலை வேலம்மாள் மூக்கை நீரில் வைத்துக் கண்களை மூடிக்கொண்டது.

ஒரு முட்டு. அது செம்பன்.

சற்றுப் பொறுத்து, கூச்சத்தோடு, இன்னொரு சின்ன முட்டு.

வேலம்மாள் தன் முட்களிலேயே நீளமானதைக் கூழைக்கடாவிடம் கொடுத்தது. "இதை நண்டிடம் கொடு. மீனுக்கு விலை கொடுத்துவிட்டேன். இது அது கேட்ட கேள்விகளுக்கு. என்னை அத்தனை கேள்வி யாரும் கேட்டதில்லை என்று சொல்."

பதில் வழக்கம்போல மரம் மரமாக ஏறி வந்தது.

"சரி, சரி. இன்றைக்கு இரண்டும் தீனி எடுத்தனவா?"

நீதி: உயிரை விற்பவர் பளபளப்பைக் காட்டினால் தயங்கு; கேள்வி கேட்டுக் காக்க வைத்தால் நன்றி சொல்.