திரும்பி வராத கத்தி

அந்தக் காலத்திலே, குன்னிமலை நாட்டை இளஞ்சிங்கராயன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். தங்கமான மனுஷர்தான். ஆனால் சொன்னால் சொன்னதுதான் சட்டம். கோபம் வந்துவிட்டாலோ, தன் பெயரே மறந்துபோகும்!

அரண்மனைக்குள் அவருக்கு இருப்புக் கொள்ளாது. காடு, ஓடை, தோப்பு என்று சுற்றினால்தான் சோறு இறங்கும். இடுப்பில் ஒரு மடக்குக் கத்தி வைத்திருந்தார். ஒருநாள் கரும்பு சீவும்போது அது மடங்கி, ராஜவிரலையே பதம் பார்த்துவிட்டது.

"மடங்குகிற சனியனே இனி வேண்டாம்! எனக்கும் என் நாற்பது காட்டுக் காவலருக்கும் உறையில் செருகுகிற நேர்க்கத்தி வேண்டும்" என்று பறையறைவித்தார்.

வந்த கத்திகளில் கடைசியாக இரண்டு நின்றன. ஒன்று உள்ளூர்க் கொல்லர் மாசாணம் அடித்தது. மற்றது ஆயுதசாலை அதிகாரி சூரப்ப பூபதியின் மச்சான் அடித்தது. இரண்டும் ஒரு சாண் நீளம், ஒரே கனம், ஒரே வேலமரப் பிடி. ராஜா இதை எடுப்பார், அதை வைப்பார். அதை எடுப்பார், இதை வைப்பார். மூன்று நாள் இதே கூத்து.

"என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு யோசிக்கவில்லையே!" என்றாள் ராணி.

சூரப்ப பூபதிக்கு மந்திரி அம்பலத்தாடி என்றாலே வேப்பங்காய். மாசாணத்தின் கத்தியை அந்த மந்திரி "நல்லாயிருக்கே" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். பொறுக்குமா பூபதிக்கு?

"அரசே, ஒரு நாட்டுக்கு ஒரு கொல்லன் போதும். தோற்றவன் உலையை அணைத்துவிட்டு ஊரைவிட்டுப் போகட்டும்!" என்றார்.

"ஆகட்டும்!" என்றுவிட்டார் ராஜா, கொஞ்சமும் யோசிக்காமல்.

மாசாணம் ஆடிப்போனார். "வீட்டிலே ஆறு வாய், மந்திரி ஐயா. உலை அணைஞ்சா அடுப்பும் அணைஞ்சிடும்" என்று கண் கலங்கினார்.

மந்திரி அவர் தோளைத் தட்டிவிட்டு ராஜாவிடம் போனார். "பார்த்துக்கொண்டே இருந்தால் கத்தி பேசாது, அரசே. நாளைக்கு ஓடைக்கரையில் நம் முகாம். சமையல் கூடாரத்துக் கட்டையில் இரண்டையும் குத்தி வைப்போம். யார் வேண்டுமானாலும் எடுக்கட்டும், எந்த வேலையும் செய்யட்டும். சாயங்காலம் பார்ப்போம்."

மறுநாள் சாயங்காலம் கொம்பு ஊதியது. வேட்டிமேல் பட்டுச் சால்வையைப் போர்த்து, கிரீடத்தை வைத்துக்கொண்டு ராஜா வந்து உட்கார்ந்தார். கட்டையில் ஒரே ஒரு கத்திதான் இருந்தது. பூபதியின் மச்சான் கத்தி, பளபளவென்று.

"பார்த்தீர்களா அரசே!" என்று துள்ளினார் பூபதி. "மாசாணத்தின் கத்தி ஒரு நாள் தாங்கவில்லை. ஒடிந்திருக்கும், ஓடையில் வீசியிருப்பார்கள். உலையை அணைக்கச் சொல்லுங்கள்!"

"எங்கே அந்தக் கத்தி?" என்று ராஜா கர்ஜித்தார்.

"எடுத்தவர்களைக் கேட்போமே" என்றார் அம்பலத்தாடி.

முதலில் சமையற்காரர் வந்தார். "ரெண்டையும் எடுத்தேன், மகாராஜா. அதிகாரி ஐயா மச்சான் கத்தி வெங்காயத்துக்கு நல்லாத்தான் இருந்துச்சு. கை ஈரமானதும் வழுக்குச்சு, துடைச்சு வெச்சிட்டேன். மாசாணம் கத்தியிலே பிடி நடுவிலே ஒரு பொட்டு புடைப்பு. கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். ஒரு தார் வாழைக்காயைச் சீவிப்புட்டேன். அப்புறம் யானைப்பாகன் பிடுங்கிட்டுப் போயிட்டாரு."

"ஆமாங்க" என்று பாகன் தலையைச் சொறிந்தார். "கயிறு அறுத்தேன், கரும்புத் தோகை கழிச்சேன். குடுக்கவே மனசில்லை. ஆட்டுக்காரப் பேச்சாயி ஒரு நாழிகையிலே தரேன்னு வாங்கினா. தரலை."

பேச்சாயிக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "நானா தரலை? ஆட்டுக்குத் தழை அறுத்துட்டு, ஒரு கொய்யாப்பழத்தை நறுக்கிக்கிட்டு இருந்தேன். வேட்டியை மடிச்சுக் கட்டின ஒரு மீசைக்காரர் வந்தாரு. 'செருப்பிலே முள்ளு, கத்தியைக் குடு தாயி'ன்னாரு. முள்ளை எடுத்தாரு. என் கொய்யாவையும் எடுத்துத் தின்னாரு. கத்தியை இடுப்பிலே செருகிக்கிட்டுப் பாட்டுப் பாடிக்கிட்டே போயிட்டாரு! நல்லா விளங்குவாரு!"

ராஜாவுக்கு மூக்குநுனி சிவந்தது. "அடப்பாவி! ஏழையின் கொய்யாவையும் தின்றுவிட்டுக் கத்தியையும் கொண்டுபோனானா? யாரவன்? அவன் மீசையை என் கையாலேயே, இதோ இதாலேயே வழிக்கிறேன்!" என்று சால்வைக்குள் கைவிட்டு ஒன்றை உருவினார் பாருங்கள்.

வாழைக்காய்க் கறையோடு மாசாணத்தின் கத்தி!

"இந்தக் கத்திதான்! ஐயையோ, அந்த மீசையும் இதுதான்!" என்று கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள் பேச்சாயி.

"மெதுவாக, அரசே. மீசை பத்திரம்" என்றார் அம்பலத்தாடி.

ராஜா கத்தியைப் பார்த்தார், பேச்சாயியைப் பார்த்தார். கிரீடம் சரிகிற அளவுக்குச் சிரித்தார். "உமக்கு முன்பே தெரியுமா, மந்திரி?"

"தாங்கள் கொய்யா வாசனையோடு பாடிக்கொண்டு வந்தபோதே தெரியும். நான் சொன்னால் மாசாணத்துக்குச் சாதகம் என்பார்கள். இப்போது தங்கள் கையே சொல்லிவிட்டது. நல்ல கத்தி கட்டைக்குத் திரும்பாது, அரசே. எடுத்தவருக்கு வைக்க மனசு வராது."

ராஜா பூபதியிடம் திரும்பினார். "உன் மச்சான் கத்தி பளபளப்பதன் ரகசியம் புரிந்ததா? அதை அப்புறம் யாருமே தொடவில்லை! சரி, நீ சொன்னபடியே அவன் உலையை..."

"வேண்டாம் மகாராஜா" என்று குறுக்கே வந்தார் மாசாணம். "அந்த வீட்டிலேயும் அடுப்பு இருக்கு. இரும்பு நல்லாத்தான் இருக்கு, பிடியிலேதான் பிசகு. நான் காட்டித் தரேன்."

ராஜா எழுந்து வந்து மாசாணத்தின் தோளில் கை வைத்தார். "அப்படியானால் ஆளுக்கு இருபது கத்தி. நாற்பதும் முடிகிறவரை மாசாணத்தின் உலைக்குத் துருத்தி ஊதுவது பூபதி!"

சொன்ன சொல் சட்டமாயிற்றே. தன் மீசை நுனியில் அரை விரல் அளவை அந்தக் கத்தியாலேயே அறுத்துப் போட்டார். பேச்சாயிக்கு ஒரு கூடை கொய்யா தரச் சொன்னார். பிறகு கத்தியை மாசாணத்திடம் நீட்டினார். மாசாணம் வாங்கக் கை நீட்டினார். ராஜா விட்டால்தானே! "வேண்டாம், இருக்கட்டும்" என்று பழையபடி இடுப்பிலேயே செருகிக்கொண்டார்.

அன்றிலிருந்து யாரிடம் எதை இரவல் வாங்கினாலும் "திருப்பித் தந்துவிடுவேன்" என்று சொல்லித்தான் வாங்குவாராம் அந்த ராஜா. ஊரே நம்பியது. பேச்சாயி மட்டும் கடைசிவரை நம்பவில்லை.