தையல்நாயகியின் இலை

மலையடிவாரத்தில் ஒரு மடம். அங்கே தையல்நாயகி என்று ஒரு கைம்பெண் இருந்தாள். பிள்ளைகள் இருவரும் வெளியூரில். மடத்தின் தலைவி சாமியம்மாவைவிடப் பத்து வயது மூத்தவள். ஆனாலும் சாமியம்மாதான் அவளுக்குக் குரு.

ஒருநாள் காலை பூசை முடிந்ததும் குருவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"சாமியம்மா, நான் மறுபடியும் சோறு சாப்பிடட்டுமா?"

"டாக்டர் என்ன சொல்றார்?"

"வேண்டாங்கிறார். அஞ்சு மாசமா சோறு, இட்லி, இனிப்பு ஒண்ணும் தொடலை. பதினோரு கிலோ குறைஞ்சிருக்கு. முட்டிவலி போச்சு. முருகன் கோயில் படியெல்லாம் கையூணாம ஏறுறேன்."

"நல்லதுதானே அக்கா?"

"நல்லதுதான். முதல்ல தலைவலி வந்துச்சு, வயித்துக்கட்டு வந்துச்சு. அதையெல்லாம் பொறுத்துக்கிட்டேன்."

"பின்னே?"

தையல்நாயகி முந்தானை நுனியைத் திருகினாள்.

"கீரையும் பனீருமா அறைக்குள்ள சுவரைப் பார்த்துக்கிட்டே திங்கிறேன். சில நாள் தட்டுகிட்டயே பேசுறேன் சாமியம்மா."

"அறைக்குள்ள ஏன்?"

"பந்தியில சுடுசோத்து வாசனை ஆளை இழுக்குது. போதாததுக்கு அந்தப் பர்வதம் இருக்காளே, 'மெலியப்போற மகாராணி வர்றாங்க, வழிவிடுங்கடி'ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. அன்னைக்கு எழுந்து வந்தவதான்."

மதிய மணி அடித்ததும் சாமியம்மா அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் சமையல்கட்டுக் கதவோரம் நிறுத்தினாள்.

அந்த மடத்தில் யாரும் தனக்கென்று இலை போட்டுக்கொள்வதில்லை. வலப்பக்கத்தில் உட்காருகிறவருக்கு நாம் போட வேண்டும். நமக்கு இடப்பக்கத்தில் இருப்பவர் போடுவார்.

வரிசையின் கடைசியில் பர்வதம் உட்கார்ந்திருந்தாள். தன் வலப்பக்கம் ஓர் இலையை விரித்தாள். தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். அங்கே யாரும் வந்து உட்காரவில்லை.

சாம்பார் வந்தது, ரசம் வந்தது. பர்வதம் தலை குனிந்து சாப்பிட்டாள். வெற்று இலையில் ஓர் ஈ உட்கார்ந்தது. இடக்கையால் அதை விரட்டிவிட்டு மறுபடி சாப்பிட்டாள்.

"அது யாருக்கு?" தையல்நாயகியின் குரல் தாழ்ந்திருந்தது.

"உங்களுக்குத்தான். அஞ்சு மாசமா தினமும் போடுறா. சாப்பிட்டு எழும்போது அதையும் மடிச்சு எடுத்துட்டுப் போறா."

"நான்தான் சோறு சாப்பிடுறதில்லைன்னு அவளுக்குத் தெரியுமே!"

"தெரியும். அவ அதில சோறு வைக்கலையே, அக்கா."