"அதுதான்" வாங்கி வந்தவர்

மருதப்பன் மடத்துக்கு வந்தபோது அம்மை புளி ஆய்ந்துகொண்டிருந்தார். கொட்டை ஒரு பக்கம், கோது ஒரு பக்கம்.

"அம்மை, நம்ம ஊர் மதுக்கடையை மூடணுமா, வேண்டாமா? உங்க கருத்து என்ன?"

"எதுக்குக் கேக்குறீங்கண்ணே?"

"நோட்டீஸ் அடிக்கிறேன். உங்க பேரைப் போட்டுட்டா, கிராம சபையில ஒருத்தன் எதிர்த்து வாயைத் திறக்க மாட்டான்."

அம்மைக்கு வயது முப்பத்தெட்டு. மருதப்பனுக்கு நாற்பத்தொன்று. குரு சீடரை அண்ணே என்பதும், சீடர் குருவை அம்மை என்பதும் அந்த மடத்தில் பழகிப்போன விஷயம்.

அங்கே வேறொரு வழக்கமும் உண்டு. சனிக்கிழமைதோறும் நூல் வாசித்து வாதம் செய்வார்கள். தன் பக்கத்தைப் பேச வருகிறவர் முதலில் எதிராளியின் பக்கத்தைச் சொல்ல வேண்டும். எதிராளி அதைக் கேட்டு, "அதுதான்" என்று சொல்ல வேண்டும். அவர் சொல்லும்வரை தன் பக்கத்தைத் தொடக்கூடாது.

மருதப்பன் இதில் பெரிய கெட்டிக்காரர். அருள் தானாக வருமா, தேடினால் வருமா என்று வாதம் வந்தால், எதிராளியே அசந்துபோகும்படி எதிராளியின் பக்கத்தை எடுத்துச் சொல்வார். பதினொரு வருடப் பழக்கம். ஆனால் மற்றவர்கள் மடத்துக்குள் வரும்போது செருப்பைக் கழற்றுவார்கள் என்றால், இவர் வெளியே போகும்போது இந்த வழக்கத்தைக் கழற்றி வைத்துவிடுவார். மதுக்கடைக்கும் மடத்து வாதத்துக்கும் சம்பந்தம் இருப்பதாக அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

ஊரில் அவருக்கு மாவு மில். அங்கே அரிசியும் அரைபடும், ஆட்களும் அரைபடுவார்கள். இயந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசித் தொண்டை பெருத்துவிட்டது. மில் ஓடாத நேரத்திலும் அதே தொண்டைதான்.

"எதிர்க்கிறது யாரு?" என்று அம்மை கேட்டார்.

மருதப்பன் ஒரு புளியங்கொட்டையை எடுத்து உருட்டினார்.

"என் தங்கச்சி சரசு வீட்டுக்காரர்தான். கந்தப்பன்."

"அவரு என்ன சொல்றாரு?"

"என்ன சொல்லுவாரு? கடைக்காரன் ஓசியில ஊத்துறான். நன்றிக்கடன் பேசுது."

இதைத்தான் அவர் மில்லிலும் சொல்லியிருந்தார். மாவு வாங்க நின்றவர்கள் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனார்கள். அதன் பிறகு சரசு அண்ணன் வீட்டுக்கு வருவதில்லை. அவளுடைய மகள் யாழினிக்கு வைகாசியில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அதற்குத் தாய்மாமனைத் தட்டு வைத்து அழைக்க வேண்டும். வைகாசிக்கு இருபது நாள்தான் இருந்தது. தட்டு வரவில்லை. சரசுவின் பெரியப்பா மகனை மடிக்குக் கேட்டிருப்பதாகப் பேச்சு. மருதப்பன் மில்லில் இதைப் பற்றி மட்டும் பேசவில்லை.

அம்மை ஒரு புளிச்சுளையைப் பிரித்தபடி சொன்னார்.

"நீங்க இப்பச் சொன்னதை அவருகிட்டயே போய்ச் சொல்லுங்க. 'அதுதான்'னு வாங்கிட்டு வாங்க. அப்புறம் என் கருத்தைச் சொல்றேன்."

"அம்மை, அது வாதத்துக்கு உள்ள வழக்கம்."

"இது என்னவாம்?"

மருதப்பன் போனார். ஓசிச் சரக்கு என்பதைச் சொல்லும் அளவுக்கு அவருக்குத் துணிச்சல் வரவில்லை. வழியிலேயே நாகரிகமாக ஒன்றைத் தயார் செய்துகொண்டார். கந்தப்பன் வாசலில் நின்று, உள்ளே கூப்பிடவில்லை என்பதையும் பொறுத்துக்கொண்டு, சொல்லி முடித்தார்.

"கடையை மூடினா அரசாங்கத்துக்கு வருமானம் போயிரும். குடிக்கிறது அவனவன் இஷ்டம். இதானே மாப்ளே உங்க கட்சி?"

"அது பேப்பர்ல போட்டிருந்தது மச்சான். நான் சொன்னதில்ல" என்றார் கந்தப்பன். கதவைச் சாத்தவில்லை. ஆனால் திறந்தும் விடவில்லை.

மருதப்பன் கோபத்தோடு மடத்துக்குத் திரும்பினார்.

"வீம்பு பிடிச்ச மனுஷன் அம்மை. எப்படிச் சொன்னாலும் இல்லங்கிறாரு."

"அவருகிட்ட எத்தனை கேள்வி கேட்டீங்கண்ணே?"

"கேள்வியா?"

அம்மை புளியில் உப்புப் போட்டுப் பிசைந்து உருண்டை பிடிக்க ஆரம்பித்தார். மருதப்பன் வீட்டுக்குக் கிளம்பினார்.

மறுநாள் காலை கந்தப்பன் வெண்டைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். மருதப்பன் போய் வரப்பில் உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது ஊருக்கே தெரியும். கந்தப்பன் இரண்டு மடை திருப்பிவிட்டு அவரே வந்தார்.

"என்ன மச்சான்?"

"ஏன் மாப்ளே மூடக் கூடாதுங்கிறீங்க?"

கந்தப்பன் மண்வெட்டியை வரப்பில் ஊன்றினார். பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்க அண்ணன் எப்படிச் செத்தாரு?"

"மஞ்சக் காமாலைன்னு சொன்னீங்க."

"பொண்ணு கேட்டு வந்த வீட்டுல வேற எப்படிச் சொல்றது? எங்க ஊருல கடையை மூடினாங்க மச்சான். ஊரே வெடி போட்டுக் கொண்டாடுச்சு. நானும்தான் போட்டேன். ரெண்டே மாசம், மலைப்பக்கம் சாராயம் காய்ச்ச ஆரம்பிச்சுட்டாங்க. அண்ணன் அங்க போனாரு. மறுநாள் காலையில எந்திரிச்சு உக்காந்து, 'ஏண்டா இன்னும் விடியல'ன்னு கேட்டாரு. வெயில் மூஞ்சியில அடிக்குது. கண்ணு போயிருச்சு. சாயங்காலம் ஆளே போயிட்டாரு."

"சரசுக்குத் தெரியுமா?"

"கல்யாணம் ஆன மறுவருஷம் சொன்னேன். அவ யாருகிட்டயும் சொல்லல. உங்ககிட்டகூட."

 ஓசியில் ஊத்துகிறான் என்று தான் சொன்னதை இந்தத் தங்கச்சி எப்படிக் கேட்டிருப்பாள் என்று மருதப்பன் நினைத்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்.

"கடையை மூடினாலும் குடிக்கிறவன் நிறுத்த மாட்டான். கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போவான். அங்க அவனைக் காப்பாத்த ஆள் இருக்காது. இன்னொரு வீட்டுல இன்னொரு அண்ணன் போயிரக் கூடாது. அதனால மூட வேண்டாங்கிறீங்க."

கந்தப்பன் தண்ணீர் ஓடிய மடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுதான்" என்றார்.

மருதப்பன் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்க மச்சான். உங்களுதை நான் சொல்ல வேண்டாமா?"

மருதப்பன் இதை எதிர்பார்க்கவில்லை. மடத்துப் பக்கமே வராத மனிதர் அவர்.

"உங்க அப்பா குடிச்சாரு. அத்தை காதுத் தோட்டை வித்துக் குடிச்சாரு. காது தூர்ந்துரக் கூடாதுன்னு அத்தை வேப்பங்குச்சியைச் சொருகிக்கிட்டுக் கல்யாணம் காட்சிக்குப் போவாங்களாம். மத்த பொம்பளைங்க பாக்கக் கூடாதுன்னு முந்தானையை இழுத்து மூடிக்குவாங்களாம். சரசு சொல்லியிருக்கா. கடை கிட்டத்துல இருந்ததாலதான் அப்பா போனாரு, நாலு மைல் தள்ளி இருந்திருந்தா பாதி நாளாவது போயிருக்க மாட்டாருன்னு நீங்க நெனைக்கிறீங்க. சரியா?"

மருதப்பனால் "அதுதான்" என்று சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். இருவரும் வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்தார்கள். ஒருவரும் கட்சி மாறவில்லை.

அன்று மத்தியானம் மில்லில் ஏழெட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். மருதப்பன் இயந்திரத்தை நிறுத்தினார்.

"எங்க மாப்பிள்ளை ஓசியில குடிக்கிறாருன்னு நான் சொன்னேன்ல? அது பொய். நானா இட்டுக்கட்டினது."

கேப்பை கொண்டுவந்திருந்த ஒரு கிழவி கேட்டாள்.

"அப்படின்னா கடையை மூட வேண்டாமா?"

"மூடணும். அது வேற, இது வேற."

"என்னமோ போ. முதல்ல மாவை அரை."

மூன்றாம் நாள் சரசுவும் கந்தப்பனும் தட்டோடு வந்தார்கள். வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு வேட்டி. சரசு வாசலிலேயே அழுதுவிட்டாள். மருதப்பனும் அழுதார். கந்தப்பன், "காபி கிடைக்குமா கிடைக்காதா?" என்று கேட்டு இரண்டு பேரையும் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

காதுகுத்து முடிந்த மறுநாள் மருதப்பன் மடத்துக்கு வந்தார். கட்டியிருந்த வேட்டியில் ஒரு ரத்தப்பொட்டு இருந்தது. துவைக்க மனம் வரவில்லை போலிருக்கிறது.

"புள்ள அழுதுச்சா?" என்று அம்மை கேட்டார்.

"ஊரைக் கூட்டிருச்சு. என் தொண்டை அதுக்கு."

அம்மை சிரித்தார்.

"அடுத்த வாரம் கிராம சபை அம்மை. நானும் பேசுறேன், அவரும் பேசுறாரு. ஒரே வண்டியிலதான் போறோம்." பிறகு கேட்டார். "'அதுதான்' வாங்கிட்டேன். இப்பச் சொல்லுங்க. உங்க கருத்து என்ன?"

"மூடணும்" என்றார் அம்மை. "ரொம்ப வருஷமா என் கருத்து அதுதான்."

மருதப்பன் திகைத்துப்போனார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா நோட்டீஸ் போட்டு ஜெயிச்சிருப்பேனே அம்மை."

"ஜெயிச்சிருப்பீங்க" என்றார் அம்மை. "புள்ள வேற யாரு மடியிலயாவது உக்காந்து அழுதிருக்கும்."