கோழி தின்ற மாம்பழம்

முன்னொரு காலத்தில், மழை பொய்த்த ஒரு கோடையில், ஓர் அரசரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சபைக்கும் சாளரத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தார். வெளியே, களஞ்சியத்தின் முன்னால் ஜனங்கள் கூடையும் கையுமாக நின்றார்கள். உள்ளே அரண்மனைக் கோழிகள் கம்பைக் கொத்திக்கொண்டிருந்தன.

களஞ்சிய அதிகாரி சேந்தனுக்கு விகடகவி விடங்கனைக் கண்டாலே ஆகாது.

"பிரபு, தானியமே இல்லாமல் கோழி வளர்க்க நம் விடங்கனுக்குத் தெரியாதா என்ன?" என்று மெல்லப் பற்றவைத்தான்.

அரசருக்கு அது பிடித்துப்போயிற்று. "விடங்கா! இன்று முதல் கோழிக்கு ஒரு மணி தானியமும் கிடையாது. ஆனால் முட்டை குறையக் கூடாது. குறைந்தால் உன் தலை தப்பாது."

விடங்கனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோழிக் கொட்டிலையே சுற்றிச் சுற்றி வந்தான். பசித்த கோழிகள் அவன் காலைக் கொத்தின.

"சாமி, இதுங்க கத்துறதக் கேட்டா எனக்குச் சோறு எறங்கல" என்று கோழி பார்க்கும் குப்பாயி கண் கலங்கினாள்.

அப்போது மடைப்பள்ளியின் பின்புறமிருந்து புளித்த வாடை வந்தது. வெக்கை தாங்காத அரசர் ஓயாமல் மாம்பழச் சாறு குடித்துவந்தார். அந்தப் பழத்தை வேறெவரும் உண்ணக் கூடாதென்பது ஆணை. பிழிந்த தோலும் கொட்டையும் ஈ மொய்க்கக் குவிந்து கிடந்தன.

விடங்கன் தோலை வெயிலில் காயவைத்தான். கொட்டையை உடைத்துப் பருப்பை ஊறப்போட்டு, துவர்ப்புத் தண்ணீரை வடித்து, உலர்த்தி இடித்தான். முட்டைக்குச் சத்தாகக் கரையானும் கலந்து கொட்டிலில் தூவினான். கோழிகள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தன. ஒரு கிழட்டுச் சேவல் மட்டும் திரும்பி வந்து கொத்தியது. அதைக் கண்டு மற்றவை விழுந்தடித்து ஓடிவந்தன.

முட்டை குறையவில்லை. சேந்தனுக்குத்தான் வயிறு எரிந்தது. சபைக்கு ஓடினான்.

"பிரபு! தங்களுக்கு மட்டுமே உரிய மாம்பழத்தை விடங்கன் கோழிக்குப் போடுகிறான்!"

அரசரின் முகம் சிவந்தது. "விடங்கா, இது உண்மையா?"

விடங்கன் வெள்ளித் தட்டில் ஈரத் தோலையும் கொட்டையையும் கொண்டுவந்து அரசர் முன் வைத்தான்.

"சேந்தனார் இதை மாம்பழம் என்கிறார். மாம்பழமானால் தங்களுடையது, தாங்களே அமுது செய்ய வேண்டும். குப்பையானால் நான் ஆணையை மீறவில்லை. எதுவென்று தாங்களே தீர்ப்புச் சொல்லுங்கள், பிரபு."

அரசர் குனிந்து முகர்ந்தார். மூக்கைச் சுளித்தார்.

"குப்பைதானப்பா, எடு எடு!" என்றவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சேந்தா, கோழிக்கு ஒதுக்கிய கம்பு முழுவதையும் ஜனங்களுக்கு நீயே நின்று அளந்து போடு."

பிறகு தம் முத்துமாலையைக் கழற்றி விடங்கனுக்குச் சூட்டினார். எல்லோரும் முத்தைப் பார்த்தார்கள். விடங்கன் தடவிப் பார்த்தது தன் கழுத்தை.